கப்பலுக்கு முந்தைய பக்கம்

1

நசரத்பேட்டையில் ஃப்ளாட் வாங்கியபோது வங்கி வக்கீல் முதலில் கேட்டது தாய்ப்பத்திரம். அப்புறம் 30 வருஷ வில்லங்கம், பட்டா, வாரிசுச் சான்றிதழ். எல்லாவற்றையும் ஒரே கட்டாக பில்டர் கொடுத்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து படித்தேன். இன்று லிஃப்டும் ஜெனரேட்டரும் இருக்கிற இடம் ஒரு காலத்தில் நஞ்சை. யார் யாருக்கு விற்றார், எந்த அண்ணன் தம்பிக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்தார், எந்தப் பாட்டி கைநாட்டு வைத்தார், எல்லாம் அதில் இருந்தது. என் கொள்ளுத்தாத்தாவுக்கு மேலே எனக்கு ஒரு பெயரும் தெரியாது. என் படுக்கையறைக்குக் கீழே இருக்கிற மண்ணுக்கு என்னைவிட நீளமான வம்சாவளி இருந்தது.

மூன்று வருஷம் கழித்து டர்பனிலிருந்து ஒருவர் ஒரு புகைப்படம் அனுப்பினார். எங்கள் ப்ராஜெக்டில் கிளையண்ட் பக்கத்து ஆள், தமிழர், அங்கே ஐந்தாவது தலைமுறை. தமிழ் பேசத் தெரியாது. முருகன் கோயிலுக்குக் காவடி எடுப்பார். புகைப்படத்தில் இருந்தது பழைய பதிவேட்டின் ஒரு வரி. அவருடைய கொள்ளுத்தாத்தாவின் அப்பா நட்டாலுக்குக் கப்பலேறி வந்தபோது எழுதப்பட்ட வரி. ஜில்லா: செங்கல்பட்டு. தாலுகா: சைதாப்பேட்டை. கிராமம் என்கிற கட்டத்தில் இருந்த எழுத்துகளை நசரத்பேட்டை என்றும் படிக்கலாம், வேறு மாதிரியும் படிக்கலாம். "இது உங்க ஊர்தானே? எங்க குடும்பத்துக்காரங்க யாராவது இன்னும் அங்கே இருக்காங்களான்னு கண்டுபிடிச்சுச் சொல்ல முடியுமா?" இதுதான் அவர் கேட்டதன் சாரம்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடப்போய் நான் படித்த சில புத்தகங்களைப் பற்றியது இந்தக் கட்டுரை. வேர் தேடும் எழுத்து என்று இப்போது ஒரு வகை நன்றாக வளர்ந்திருக்கிறது. அதை எப்படிப் படிப்பது, எதை வைத்து அளப்பது என்பதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. அது புத்தகங்களிலிருந்து வந்ததைவிட அந்த ஒற்றை வரியிலிருந்துதான் அதிகம் வந்தது.

2

முதலில் அந்த வரி எந்தப் பதிவேட்டைச் சேர்ந்தது என்று சொல்லிவிடுகிறேன். 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல், அதே வருஷம் நவம்பர் 16 அன்று 342 பேருடன் டர்பன் சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை நட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் ரயில்வேக்கும் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். பெரும்பாலானோர் சென்னை வழியாகப் போனவர்கள். வட ஆற்காடு, சித்தூர், செங்கல்பட்டு என்று நம் பக்கத்து ஜில்லாக்கள் அந்தப் பட்டியல்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண் உண்டு. பிறகு பெயர், அப்பா பெயர், வயது, பாலினம், சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம். பேராசிரியர் ஜாய் ப்ரெய்ன் இந்தப் பட்டியல்களைக் கணினிக்குக் கொண்டுவந்தார். இன்று அதை ஒரு தரவுத்தளமாக யாரும் தேடலாம்.

எண் 1 யாருக்குப் போனது? ஆங்கில எழுத்தில் 'டாவரம்' என்று எழுதப்பட்ட, 30 வயது ஆணுக்கு. அவரை வீட்டில் என்னவென்று கூப்பிட்டிருப்பார்கள்? தேவாரமா, தேவராமா, வேறு ஏதாவதா? எழுதிய குமாஸ்தாவுக்குத் தெரியாது, நமக்கும் தெரியப்போவதில்லை.

நான் பொறியாளன். இப்படி ஒரு பிரச்சனை வந்தால் உடனே கை பரபரக்கும். பெயர்களை ஒலியை வைத்து ஒப்பிடுவதற்கு சவுண்டெக்ஸ் என்று ஒரு பழைய முறை இருக்கிறது. அமெரிக்காவில் 1918இல் காப்புரிமை வாங்கியது. அங்கே மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களில் பெயர் தேட உதவியது. முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு மீதி மெய்யெழுத்துகளை எண்ணாக்கும். நம் பெயர்களில் அது முதல் அடியிலேயே விழுந்துவிடுகிறது. செட்டி என்பதை ஒரு குமாஸ்தா 'சி'யில் தொடங்கி எழுதுவார், இன்னொருவர் 'எஸ்'ஸில். சவுண்டெக்ஸுக்கு அவர்கள் இருவரும் சொந்தமே இல்லை. முதலியார் அங்கே மூட்லி ஆகிவிட்டார், கவுண்டர் கவெண்டர் ஆகிவிட்டார். ஒரு வாரம் உட்கார்ந்து எனக்கே எனக்காக ஒரு விதித்தொகுப்பு எழுதினேன். நசரத்பேட்டையை எத்தனை விதமாகத் தப்பாக எழுத முடியுமோ அத்தனை விதமாகவும் எழுதித் தேடினேன்.

இந்த வேலைக்கு உலகத்தில் முன்னோடிகள் ஜெர்மானியர்களின் வாரிசுகள் என்று சொல்லலாம். பென்சில்வேனியாவில் 1727 முதல், கப்பலிலிருந்து இறங்குகிற 16 வயதுக்கு மேற்பட்ட வெளிநாட்டு ஆண்கள் இங்கிலாந்து அரசருக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு மூன்று பட்டியல்கள் இருந்தன. கப்பல் தலைவன் கொடுத்தது ஒன்று, பிரமாணங்களில் கையெழுத்திட்டவை இரண்டு. 1934இல் ஸ்ட்ராஸ்பர்கர், ஹிங்கே இருவரும் அவற்றைத் தொகுத்துப் பதிப்பித்தார்கள். அங்கேயும் ஆங்கில குமாஸ்தா ஜெர்மன் பெயரைக் காதால் கேட்டு எழுதிக் கெடுத்திருக்கிறார். ஆனால் பக்கத்துப் பட்டியலில், எழுதத் தெரிந்த ஜெர்மானியன் தன் கையாலேயே தன் பெயரை ஜெர்மன் எழுத்தில் போட்டிருக்கிறான். இரண்டையும் வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

நம் பட்டியலில் கையெழுத்துக்கு இடமில்லை. அந்த இடத்தில் இருப்பது உடல் அடையாளம்: இடது கன்னத்தில் தழும்பு, முழங்காலுக்குக் கீழே மச்சம். கையெழுத்து வாங்குகிறவர் எதிரில் இருக்கிற ஆளை ஒரு தரப்பாக ஏற்றுக்கொள்கிறார். தழும்பைக் குறித்துக்கொள்கிறவர், ஆள் ஓடிப்போனால் பிடிப்பதற்கு வழி பண்ணிக்கொள்கிறார். வந்திறங்கிய பதிவேடு என்று இரண்டையும் ஒரே பெயரில் அழைத்தாலும் இரண்டும் வேறு வேறு வகை எழுத்து. வேர் தேடும் புத்தகங்களைப் படிக்கும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: தன் கையில் இருக்கிற ஆவணம் யாருக்காக எழுதப்பட்டது என்று அந்த எழுத்தாளருக்குத் தெரிந்திருக்கிறதா?

3

இந்த வகை எழுத்தின் மூலவர் அலெக்ஸ் ஹேலி. 1976இல் வந்த அவருடைய 'ரூட்ஸ்' அமெரிக்கக் கறுப்பின மக்களுக்குக் கொடுத்த நிமிர்வை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. காம்பியாவின் ஜுஃபுரே கிராமத்தில் பிடிபட்ட குன்டா கின்டே, லார்ட் லிகோனியர் என்ற கப்பலில் 1767இல் அன்னாபொலிஸ் துறைமுகத்தில் இறக்கப்படுகிறான். அங்கே அவன் பெயர் டோபி ஆகிறது. அவன் வழியில் ஏழாவது தலைமுறை ஹேலி. இந்தக் கண்ணியைக் கோத்தது கப்பல் பதிவேடுதான்.

பிற்பாடு வம்சாவளி ஆய்வாளர்கள் வர்ஜீனியா ஆவணங்களைப் புரட்டியபோது ஒரு சிக்கல் வெளிவந்தது. அந்த டோபி, அந்தக் கப்பல் வருவதற்கு முன்பே அந்த எஜமானர் குடும்பத்தின் ஆவணங்களில் இருக்கிறார். அதாவது கப்பல் சரி, டோபி சரி, இரண்டையும் இணைத்த கோடுதான் தப்பு. அதற்கு முன்பே, 1977இல், மார்க் ஒட்டவே என்ற பத்திரிகையாளர் ஜுஃபுரேக்குப் போய்விட்டு வந்து இன்னொன்றை எழுதினார். ஹேலிக்குக் கதை சொன்ன முதியவர் பாரம்பரியமான கதைசொல்லியே அல்ல; அமெரிக்க விருந்தாளி எதைத் தேடி வருகிறார் என்று அந்த ஊருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது.

இதைப் படித்தபோது ஹேலியைவிட அந்த முதியவரைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஒருவர் கடல் தாண்டி வந்து, கண்கலங்கி, "என் ஆள் இங்கேதான் இருந்தானா?" என்று கேட்கும்போது இல்லை என்று எப்படிச் சொல்வது? எந்த மனுஷனும் ஆமாம் என்றுதான் சொல்லுவான். எனக்கு டர்பனிலிருந்து வந்த செய்தியும் அதே வகைதான். பூந்தமல்லிக்கு மேற்கே, டிரங்க் ரோட்டில், கப்பல் பட்டியலுக்கு மறுமுனையில் உட்கார்ந்திருக்கிற ஜுஃபுரே முதியவர் நான்தான். ஒரு பழைய வேப்ப மரத்தைப் படம் எடுத்து, "இந்த மரத்தடியில்தான்" என்று எழுதி அனுப்பியிருந்தால் அவர் அதை ஃப்ரேம் போட்டு மாட்டியிருப்பார். நானும் நல்லவனாகியிருப்பேன்.

4

படம் எடுப்பதற்கு முன்னால் இரண்டு பேரிடம் கேட்டேன்.

ஒருவர் நான் வழக்கமாக டீ குடிக்கிற கடைக்கு வருகிற பெரியவர். இந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர். விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "என்ன ஆளுங்கன்னு போட்டிருக்கு?" போனைத் திறந்து அந்தக் கட்டத்தைப் பார்த்தேன். 'பறையா' என்று இருந்தது. சொன்னேன். அவர் டீயைக் குடித்து முடித்தார். "அப்ப இந்தப் பக்கம் கேட்டுப் பிரயோஜனம் இல்ல தம்பி" என்றார்.

இன்னொருவர் அப்பா. எங்கள் பூர்வீகம் ஆரணி பக்கம். அதுவும் வட ஆற்காடுதான். தரவுத்தளத்தில் ஆரணியை விதவிதமான எழுத்துக்கூட்டலில் பார்த்திருந்ததால் சும்மா ஒரு ஆர்வத்தில் போனில் கேட்டேன். "அப்பா, நம்ம ஊர்லேர்ந்து யாராவது அந்தக் காலத்துல கப்பலேறிப் போயிருக்காங்களா?"

"நம்ம ஆளுங்க யாரும் போகல. நமக்குதான் நெலம் இருந்துதே. சேரிலேர்ந்து போயிருப்பாங்க."

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் நான் ஒரு வாரம் கணினியில் தேடிக் கண்டுபிடிக்காததை அந்த மூன்று வாக்கியங்கள் சொல்லிவிட்டன. என் ஃப்ளாட்டின் தாய்ப்பத்திரம் ஏன் அத்தனை நீளம், அந்தக் கட்டில் ஏன் இன்னின்ன பெயர்கள் மட்டும் இருக்கின்றன, டர்பன்காரரின் மூதாதை ஏன் அதில் எங்கேயும் இருக்க முடியாது என்பதெல்லாம் அதற்குள் இருந்தன.

கிராமத்தின் காகிதங்கள் நிலத்தின் காகிதங்கள். நிலம் இருந்தவனின் பெயர் சர்வே எண்ணோடு எழுதப்பட்டது. அந்த நிலத்தில் உழுதவனை எழுதவேண்டிய அவசியம் யாருக்கும் வரவில்லை. 1891இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர், அந்த ஜில்லாவின் பறையர்களைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். மிராசுதாரர்களின் கட்டுப்பாட்டில் இருந்த கிராமங்களில், விவசாயத் தொழிலாளர்களுக்குக் குடியிருக்கிற மனைகூடச் சொந்தமில்லை. எதிர்த்தால் குடிசையையும் காலி பண்ணவைக்கலாம் என்ற நிலைமை அதில் பதிவாகியிருக்கிறது. 1892இல் பஞ்சமி நிலம் ஒதுக்கும் உத்தரவுக்கு அந்த அறிக்கை வழிவகுத்தது. அடிமைமுறைக்கு இருந்த சட்ட அங்கீகாரம் 1843லேயே எடுக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் இதுதான் அரை நூற்றாண்டுக்குப் பிந்தைய நிலைமை.

ஆக, நிலமில்லாதவன் ஊரில் இருந்தவரை யாரும் அவன் பெயரை எழுதவில்லை. ஊரைவிட்டுப் போகும்போதுதான் எழுதினார்கள். சென்னை டிப்போவில் ஒரு குமாஸ்தா முதல் தடவையாக, "உன் பேரென்ன, உங்க அப்பன் பேரென்ன?" என்று கேட்கிறான். அந்தப் பட்டியல் எவ்வளவு கேவலமான நோக்கத்துக்காக எழுதப்பட்டிருந்தாலும், அந்த மனிதரின் அப்பா பெயர் தாங்கிய ஒரே காகிதம் உலகத்தில் அதுவாக இருக்கலாம். வேர் தேடி வருகிறவர்கள் பட்டியலை ஒரு பாதியாகவும் கிராமத்தை மறுபாதியாகவும் நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டையும் சேர்த்தால் முழுசாகிவிடும் என்று நம்புகிறார்கள். கிராமத்தில் மறுபாதி இல்லை. தொலைந்துபோனது என்றும் சொல்ல முடியாது; அதை யாரும் எழுதவே இல்லை.

அதே ஜில்லாவிலிருந்து இன்னொருவரும் தென்னாப்பிரிக்கா போனார். கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன். 1904 வாக்கில் போய் ஏறக்குறைய 1921 வரை இருந்தவர். போவதற்கு முன்பே, 1893இல், சென்னையில் ஒரு பத்திரிகை தொடங்கியிருந்தார். அதன் பெயர் 'பறையன்'. கப்பல் பட்டியலின் சாதிக் கட்டத்தில் குமாஸ்தா எழுதிய அதே சொல். ஒரு சொல்லை யார் எழுதுகிறார் என்பதைப் பொறுத்து அதன் பொருள் எவ்வளவு தூரம் போகும் என்று யோசிப்பதற்கு நான் அடிக்கடி இந்த உதாரணத்தைத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

5

இப்போது புத்தகங்களுக்கு வருகிறேன். வேர் தேடும் எழுத்தை அளக்க எனக்கு ஒரு எளிய கேள்வி போதும்: கதை கப்பலில் தொடங்குகிறதா, கப்பலுக்கு முன்னால் தொடங்குகிறதா?

பாரதி, பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களைப் பற்றிப் பாடியபோது கப்பல் ஏற்கனவே போய்ச் சேர்ந்துவிட்டது. அந்தப் பாட்டின் ஆவேசத்தை நான் சந்தேகிக்கவில்லை. அந்தக் காலத்தில் அதைப் பாடியதே பெரிய விஷயம். ஆனால் அதில் பெண்கள் ஒரே அழுகையாக, ஒரே கூட்டமாக இருக்கிறார்கள். குற்றவாளி அந்நிய மண்ணில் இருக்கிறான். அவர்களை ஊரைவிட்டு அனுப்பிய சொந்த மண், ஏக்கத்துக்குரிய தாய்வீடாக மட்டும் மிஞ்சிவிடுகிறது. நம்முடைய பெரும்பாலான புலம்பெயர் ஏக்க எழுத்தின் அச்சு இதுதான்: வெளியே கொடுமை, உள்ளே தாய்மடி.

இந்த அச்சைப் புதுமைப்பித்தன் 1935லேயே உடைத்துவிட்டார். மணிக்கொடியில் வந்த 'துன்பக்கேணி', தேயிலைத் தோட்டத்துக் கதை என்றுதான் நம் நினைவில் நிற்கிறது. திரும்பப் படித்துப் பாருங்கள். அது வாசவன்பட்டியில் தொடங்குகிறது. ஊரின் அமைப்பு, பண்ணையாரின் கை, வெள்ளையன் ஜெயிலுக்குப் போவது எல்லாம் நடந்த பிறகுதான் மருதி தோட்டத்துக்குப் போகிறாள். அவளைப் பொறுத்தவரை தோட்டம் புதிய நரகமல்ல. ஊரில் ஏற்கனவே இருந்ததன் தொடர்ச்சி. கதையில் குறைகள் உண்டு. பிற்பாதியில் படித்த மனிதரின் வழியாகத் தீர்வு தேடும் இடங்கள் எனக்குத் திருப்தியாக இல்லை. ஆனாலும் எந்தப் பட்டியலிலும் இல்லாத அந்த முந்தைய பக்கத்தை அவர் எழுதினார். இன்னொரு சின்ன விஷயம்: தோட்டத்தின் பெயர் அதில் 'வாட்டர் பாலம்' என்று வரும். 'வாட்டர்ஃபால்' தமிழ் வாயில் பாலமாகிவிட்டது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். குமாஸ்தா நம் ஊர்ப் பெயர்களுக்குச் செய்ததை நம் ஆட்கள் அவர்கள் தோட்டத்துக்குச் செய்திருக்கிறார்கள். சிரிப்பு வந்தது.

மு. நித்தியானந்தனின் 'கூலித் தமிழ்' (க்ரியா, 2014) இந்த விஷயத்தில் நம்மிடம் இருக்கிற முக்கியமான விமர்சன நூல். இலங்கை மலையகத்தின் தொடக்ககால எழுத்துகளை அது தேடி எடுத்து வைக்கிறது. தோட்டத்துரைகள் தொழிலாளரிடம் பேசக் கற்றுக்கொள்வதற்காக எழுதப்பட்ட தமிழ்க் கைநூல்களையும் சும்மா விடவில்லை. ஏவலுக்கும் அதட்டலுக்கும் மட்டுமே பயன்படுகிற ஒரு தமிழ் எப்படி உருவாக்கப்பட்டது என்று காட்டுகிறது. அதாவது அதிகாரத்தின் ஆவணத்தை நித்தியானந்தன் தகவல் களஞ்சியமாக மட்டும் எடுத்துக்கொள்ளாமல், பேச்சாகவும் படிக்கிறார். கப்பல் பட்டியலை எப்படிப் படிக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது இந்தப் புத்தகம்தான்.

ஆங்கிலத்தில் கயுத்ரா பகதூரின் 'கூலி வுமன்' (2013) இந்த வகையின் உச்சம் என்பது என் எண்ணம். கயானாவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த பத்திரிகையாளர் அவர். 1903இல் கல்கத்தாவிலிருந்து க்ளைட் என்ற கப்பலில், கர்ப்பிணியாக, கணவன் இல்லாமல் தனியாகப் போன பூட்டி சுஜாரியாவைத் தேடுகிறார். கையில் குடியேற்றச் சீட்டு இருக்கிறது. பிஹாருக்கும் போகிறார். ஹேலி செய்ததை அவரும் செய்திருக்கலாம். செய்யவில்லை. சுஜாரியா ஏன் போனாள், யாரிடமிருந்து ஓடினாள் என்பதற்கு ஆவணம் பதில் சொல்லாத இடத்தில் அவர் கேள்விகளை வரிசையாக அடுக்கிக்கொண்டே போகிறார். நாவலாசிரியர் ஒருவருக்கு இது பலவீனமாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நிரப்ப முடியாத கட்டத்தை வெறுமையாகவே விடுவது எங்கள் தொழிலில் ஒரு அடிப்படை ஒழுக்கம். வெறுமையான கட்டத்தில் யூகத்தைப் போட்டு நிரப்பினால், அடுத்து வருகிறவன் அதை உண்மையென்று நம்பி அதன்மேல் வீடு கட்டுவான். டோபிக்கு நடந்தது அதுதான்.

6

"இதெல்லாம் பழைய கதை, இப்போ எதுக்கு?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். வம்சாவளி பொழுதுபோக்காக இருக்கிறவர்களுக்குப் பழைய கதைதான். அதைக் காட்டினால்தான் குடியுரிமை என்று ஆனவர்களுக்கு அப்படியில்லை.

இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாட்டிலேயே பிறந்தவனிடம் கேட்டது: உன் அப்பா இங்கே பிறந்தாரா? இல்லையென்றால் அப்பாவழித் தாத்தாவும் கொள்ளுத்தாத்தாவும் இங்கே பிறந்தார்களா? காட்டு. லயன் வீட்டில் பிறந்து லயன் வீட்டிலேயே செத்த கொள்ளுத்தாத்தாவுக்கு எங்கிருந்து பிறப்புச் சான்றிதழ் வரும்? அடுத்த வருஷச் சட்டம் வசிப்புக் காலத்தை நிரூபிக்கச் சொன்னது: திருமணமானவர்களுக்கு 7 வருஷம், ஆகாதவர்களுக்கு 10. பிரிட்டிஷ் அரசு 1740இல் அமெரிக்கக் காலனிகளில் இருந்த ஜெர்மானியர் போன்ற வெளிநாட்டுப் புராட்டஸ்டண்டுகளுக்குக் குடியுரிமை தரப் போட்ட சட்டத்திலும் நிபந்தனை 7 வருஷம்தான். அங்கே அது உள்ளே வருவதற்கான கதவாக இருந்தது. இலங்கையில் அதே எண், லட்சக்கணக்கானவர்களுக்குச் சாத்திய கதவு. 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் அந்த மனிதர்களை 9,75,000 என்று ஒரே எண்ணாக்கியது. அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பார்த்துக்கொண்டது 1974இல்.

கரீபியனில் பிரான்ஸின் குவாதலூப் தீவிலும் இதே கதை நடந்தது. சிதம்பரம் என்ற பெயர் அங்கே சிதாம்பரோம் ஆகியிருக்கிறது. ஹென்றி சிதாம்பரோம், கூலிகளாக வந்த இந்தியர்களின் பிள்ளைகளுக்கு ஓட்டுரிமையும் பிரெஞ்சுக் குடியுரிமையும் வேண்டும் என்று 1904இல் தொடங்கிய வழக்கு 1923இல்தான் முடிந்தது. 19 வருஷம். கெட்டுப்போன எழுத்துக்கூட்டலில் இருக்கிற தன் பெயரை வைத்தே அவர் ஜெயித்தார்.

இன்றைக்கும் இந்திய அரசு வெளிநாட்டு இந்தியர் அட்டைக்குத் தலைமுறையை எண்ணுகிறது. மொரிஷியஸ்காரர்களுக்கு ஏழாவது தலைமுறை வரை 2024இல் தளர்த்தப்பட்டது. தென்னாப்பிரிக்காவில் விண்ணப்பிக்கிறவர்களுக்கு அதே கப்பல் பட்டியலின் நகல்தான் ஆதாரம். ஓடிப்போனால் பிடிப்பதற்காகக் குறித்த தழும்பு, திரும்பி வருவதற்கான சான்றாகிவிட்டது. இதைக் கொண்டாடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் இந்த அட்டையும் அதே பழைய கேள்வியைத்தான் கேட்கிறது: காகிதம் இருக்கிறதா?

7

டர்பன் நண்பருக்கு என்ன எழுதினேன் என்று சொல்லாமல் முடிக்கக் கூடாது.

அவருடைய குடும்பப் பெயர் பிள்ளை. அங்கே அது சாதாரணம்; பல குடும்பங்கள் நட்டாலுக்குப் போன பிறகு ஒரு பட்டப்பெயரைத் தங்கள் பெயராக்கிக்கொண்டன. ஊரில் கனவுகூடக் காண முடியாத ஒன்றை ஒரு கடல் கொடுத்தது. அவர் ஒரு குடும்ப மரத்தை அச்சடித்து எல்லோருக்கும் கொடுக்கத் திட்டமிட்டிருந்தார். சாதிக் கட்டத்தில் இருந்த அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாது. பழங்குடிப் பெயராக இருக்கும் என்று நினைத்திருந்தார்.

மூன்று நாள் யோசித்தேன். சொல்லாமல் விட்டால் நான் வேப்ப மரத்தைப் படம் எடுத்து அனுப்பினதற்குச் சமம். சொன்னேன். அந்தச் சொல் என்ன, 1891 அறிக்கை என்ன சொல்கிறது, இரட்டைமலை சீனிவாசன் யார், எல்லாவற்றையும் எழுதினேன். ஊரில் குடும்பத்தார் யாரையும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை, கிராமத்தின் பெயரும் நசரத்பேட்டைதானா என்று உறுதியில்லை என்றும் எழுதினேன். கடைசியாக, இந்தக் கேள்வியை நான் கேட்ட இரண்டு பேரும் என்ன பதில் சொன்னார்கள் என்பதையும் எழுதினேன். அதில் ஒருவர் என் அப்பா என்பதை மறைக்கவில்லை.

பதில் வர இரண்டு வாரம் ஆயிற்று. அத்தைகளிடம் காட்டினாராம். ஒருவர் அந்தக் காகிதமே தப்பு என்றாராம். இன்னொருவர் ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அந்தத் தழும்பைப் பற்றித் தன் பாட்டி சொல்லியிருப்பதாக ஞாபகம் என்றாராம். மரத்தில் அந்தச் சொல்லைப் போடுவதா வேண்டாமா என்று அவர் இன்னும் முடிவு பண்ணவில்லை. "நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டிருந்தார். அது அவர்கள் குடும்பத்தின் முடிவு, நான் சொல்லக் கூடாது என்று எழுதினேன். எனக்கென்றால் பட்டியலில் இருக்கிறபடியே, ஒரு கட்டமும் விடாமல் அச்சடிப்பேன் என்றும் எழுதினேன்.

அனுப்பிவிட்டு அப்பாவுக்குப் போன் பண்ணினேன். போன தடவை தப்பான கேள்வி கேட்டுவிட்டதாகத் தோன்றியது.

"அப்பா, அப்போ நம்ம நெலத்துல வேலை செஞ்சவங்க யாரு?"

கொஞ்ச நேரம் யோசித்து இரண்டு பெயர் சொன்னார். அவர்களுடைய அப்பா பெயர் தெரியாது, வயசு தெரியாது, அப்புறம் எங்கே போனார்கள் என்றும் தெரியாது. எழுதி வைத்திருக்கிறேன். மீதிக் கட்டங்கள் காலியாகவே இருக்கின்றன.